அக்காவின் தீர்மான அட்டை

ஆத்துமாவுக்கு மூன்று பகுதிகள் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது ஓசூர் சிப்காட்டில், எங்கள் தொழிற்சாலை கேன்டீனில். சாப்பாட்டு நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து லேத்தில் வேலை பார்த்த ஓர் அண்ணன், தட்டை நகர்த்திவிட்டு, கழுவிய ஈரக்கையாலேயே மேசைமேல் வட்டம் போட்டார். வெளிவட்டம் சரீரம். நடுவட்டம் ஆத்துமா. உள்ளே ஒரு புள்ளி, அது ஆவி. நடுவட்டத்தை மூன்றாகக் கோடு கிழித்தார்.

“இது மனசு, யோசிக்கது. இது உணர்ச்சி, அழுகது சிரிக்கது. இது சித்தம், முடிவெடுக்கது. விளங்குதாடே?”

விளங்கியது. அதுவரை எனக்கு எதுவும் அப்படி விளங்கியதில்லை. ஈரம் காய்வதற்குள் சட்டைப்பையிலிருந்த ரிஜெக்‌ஷன் அட்டை ஒன்றின் பின்பக்கம் அதை வரைந்துகொண்டேன்.

ஐ.டி.ஐ. முடித்து இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை இதுதான்: லேத்திலிருந்து வரும், வண்டிகளுக்குப் போகிற ஒவ்வொரு புஷ்ஷின் துளையிலும் அளவு பார்க்கிற கேஜைச் செருகிப் பார்க்க வேண்டும். கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. சரியாக இருந்தால் அதன் அட்டையில் நீல மையில் ‘ஓகே’ முத்திரை. இல்லையென்றால் சிவப்புத் தொட்டி. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் உருப்படிகள். உலகத்தில் எதையும் இப்படி அளந்து, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் போட்டுவிடலாம் என்று கைக்குப் பழகியிருந்தது. ஆத்துமாவுக்கும் அப்படி ஓர் அளவு உண்டு என்று அந்த மத்தியானம் நம்பிவிட்டேன்.

ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி கிழித்தேன். மனம்: இன்று இரண்டு முறை வீணான எண்ணம். உணர்ச்சி: சூப்பர்வைசர் மேல் கோபம். சித்தம்: நாலே முக்காலுக்கு எழுந்தேன், ஜெபித்தேன். நோட்டைப் பார்த்த அண்ணன் சிரித்துவிட்டார்.

“ஏ, நீ ஆண்டவருக்கே இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அனுப்புவ போலிருக்கே. சாயங்காலத்துக்குள்ள அவரு கையெழுத்துப் போட்டுத் தரணுமோ?”

நானும் சிரித்தேன். நோட்டை விடவில்லை. மூன்று பத்திகளில் சித்தம்தான் எனக்கு மேலாகத் தெரிந்தது. மனம் குழம்பும், உணர்ச்சி ஏறி இறங்கும், சித்தம் மட்டும் நம் கையில் இருக்கிறது. தீர்மானித்துவிட்டால் மற்ற இரண்டும் பின்னால் வந்துதான் ஆக வேண்டும். இதை அண்ணன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை. அழுத்தம் நான் சேர்த்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இல்லை. ராயக்கோட்டை மார்க்கெட்டில் அம்மா தக்காளி தரம் பிரிப்பாள், அக்கா கூடை தூக்குவாள். அக்காவுக்கும் எனக்கும் நான்கு வயது வித்தியாசம். அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூட வாசல்படி ஏறியதில்லை. நான் பத்தாவது தேறிய நாளிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள். ஜூஜுவாடிக்குக் குடி வந்தது நான் சொல்லி. அக்கா ரோஜாப் பண்ணை வேலைக்குப் போனது நான் சொல்லி. அண்ணனோடு ஜெபக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த மாதத்தில், சாமி படங்களை எடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் முருகனைக் கழற்றித் துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டாள். “படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா, அக்கா இரண்டு பேர் சித்தத்தையும் என் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறேன் என்பது உறைக்கவில்லை.

அக்காவின் கல்யாணமும் ஜூஜுவாடியில்தான். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஐந்தாவது மாதம் காய்ச்சலில் போய்விட்டது. இரண்டே நாள்தான். குழந்தையை அடக்கம் செய்த பிறகு அக்காவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, “பத்து நாள்ல வர்றேன்” என்று புனே லோடு ஏற்றிப் போனவர், பிறகு எப்போதாவது போன் செய்தார். அதுவும் நின்றது.

முதல் இரண்டு மாதம் அக்கா அழுதாள். லைன் வீடு, பத்தடிக்குப் பத்தடி. அவள் அழுகையைத் தாண்டித்தான் நான் ஷிஃப்டுக்குப் போகவும் வரவும் வேண்டும். “உணர்ச்சியை நம்பாதக்கா” என்று தினமும் சொன்னேன். வட்டம் வரைந்து காட்டினேன். அவள் வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அழுதாள்.

பிறகு ஒருநாள் அழுகை நின்றது.

ஜெபம் கேட்கப்பட்டது என்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எங்கள் கூடத்தில் தமிழில் பேசுவதை ஓர் அம்மா கன்னடத்தில் திருப்பிச் சொல்வார். என் வார்த்தைகள் இரண்டு பாஷையிலும் ஒலித்தன, இரண்டு பாஷையிலும் ஸ்தோத்திரம் எழும்பியது. அக்கா பின்வரிசையில், தகரச் சுவரில் சாய்ந்து, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. தலை வாருவது நின்றது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரம் பிடித்தது, பிறகு வரவே இல்லை. சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும். அம்மா ஊட்டினால் வாய் திறப்பாள், மென்று விழுங்க மறந்துவிடுவாள்.

“கண்ணு, ஜவளகிரிப் பக்கம் ஒருத்தரு மந்திரிச்சு கயிறு கட்டுறாராம். ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேண்டா” என்றாள் அம்மா.

“போனீன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.”

அம்மா போகவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு சண்டை வந்திருந்தால், ஏதாவது ஒரு பக்கம் அசைந்திருக்கும்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி பேசினார். லேத்தை நிறுத்தி, பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, இத நீ டாக்டர்ட்ட காமி. எங்க சித்தி ஒருத்திக்கு இப்படித்தான் இருந்துச்சு. மாத்திரை சாப்பிட்டுச் சரியானா. ஜெபமும் பண்ணுவோம், மாத்திரையும் குடுப்போம், என்ன கொறஞ்சு போச்சு?” என்றார்.

“அண்ணே, கால் ஒடிஞ்சா டாக்டரு. அது சரீரம். இது ஆத்துமா.”

“நான் வரஞ்ச வட்டத்த எனக்கே வரஞ்சு காட்டுதியா?” என்றார். கோபமாக இல்லை, கொஞ்சம் பயந்தமாதிரி. “அது சும்மா ஒரு படம்டே. கோடு நான் வெரலால போட்டது. ஆண்டவரு உண்டாக்குனப்ப கோடு போட்டாரான்னு யாருக்குத் தெரியும்?”

அவர் விசுவாசத்தில் பின்வாங்குகிறார் என்று நோட்டில் எழுதினேன். இப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறது. என் கையெழுத்து அழகாக, சாயாமல் இருக்கிறது.

எங்கள் கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடக்கும். அதற்கு முன்பே தீர்மான அட்டை கொடுத்துவிடுவார்கள். ‘என் மனதையும் உணர்ச்சிகளையும் சித்தத்தையும் முழுமையாக ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று அச்சடித்திருக்கும். கீழே கையெழுத்துப் போட்டுக் கடைசி நாள் பெட்டியில் போட வேண்டும். போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வருடம் நான் இரண்டு அட்டை வாங்கினேன்.

வண்டி விற்பனை படுத்து எங்களுக்கு வாரத்தில் நான்கே நாள் வேலை கொடுத்த காலம் அது. சனிக்கிழமை மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் எதிரில் மண்டியிட்டு அட்டையை மூன்று முறை படித்துக் காட்டினேன்.

“அக்கா, உனக்கு ஒண்ணும் தோண வேண்டாம். அழுகை வர வேண்டாம், சந்தோஷம் வர வேண்டாம். சரின்னு ஒரே ஒரு முடிவு மட்டும் எடு. அது போதும். எடுத்துட்டியா?”

அவள் பேசவில்லை. மறுக்கவும் இல்லை. மறுக்காததையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தானே நடந்தது.

அவளுக்குக் கையெழுத்துத் தெரியாது. தொழிற்சாலையிலிருந்து முத்திரை மைப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ‘ஓகே’ குத்துகிற அதே நீல மை. அவள் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலை மையில் ஒற்றினேன். ரோஜா முள் கிழித்த பழைய தழும்புகள் அதில் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அட்டையில் அழுத்தினேன். ரேகை துண்டு துண்டாக விழுந்தது.

பிறகு கையை விட்டேன். கை கீழே இறங்கவில்லை. நான் விட்ட இடத்திலேயே, காற்றில், கட்டைவிரல் கொஞ்சம் மடங்கியபடி நின்றது. அட்டையை ஊதிக் காய வைத்து மடித்துப் பையில் வைத்துத் திரும்பும்போதும் அப்படியே நின்றது.

அதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒப்புக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். களிமண் மாதிரி ஆகிவிட்டாள், இனி ஆண்டவர் இஷ்டம்போல வனைவார் என்று நினைத்தேன். கண்ணில் நீர் வந்தது. நோட்டில் அன்றைக்கு மூன்று பத்தியிலும் ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதினேன். அவள் கையை நானே பிடித்து மெல்ல மடியில் இறக்கி வைத்தேன்.

மறுநாள் கூட்டத்தில் அவள் முறை வந்தபோது தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினேன். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்ததை அவள் காதில் மறுபடி சொன்னேன். “ஆண்டவர் எனக்கு சந்தோஷம் குடுத்தார்.” அவள் அதையே சொன்னாள். என் குரலின் ஏற்ற இறக்கத்தில், என் மூச்சு நின்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறையும் ஆரம்பித்தாள். கன்னடத்து அம்மா திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. அண்ணன் மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும், “நாளைக்கே கூட்டிட்டுப் போ. நான் லீவு போட்டுட்டு வாரேன்” என்றார். “முடிஞ்சிடுச்சுண்ணே, அவ தீர்மானம் பண்ணிட்டா” என்றேன்.

அந்தத் தீர்மானத்தோடு ஆறு வாரம் ஓடியது.

ஆறு வாரம் கழித்து ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். கேட்டில் அம்மா நிற்கிறாள் என்று செக்யூரிட்டி போன் செய்தார். அம்மா அதுவரை என் தொழிற்சாலைப் பக்கம் வந்ததே இல்லை. புடவையெல்லாம் ஈரம், செருப்பு இல்லை.

“கொழாயிலயே நிக்கறாடா. வர மாட்டேங்குறா.”

எங்கள் லைனில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அம்மா அக்காவைக் குடத்தோடு வரிசையில் நிறுத்தியிருக்கிறாள், ஒரு வேலையாவது செய்யட்டுமே என்று. நான் போய்ச் சேர்ந்தபோது குழாயைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து, ஒரு கை குடத்தின் கழுத்திலும் ஒரு கை குழாயிலுமாக நின்றாள். கால் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. நான் வருவதற்கு முன்பே ஒன்றரை மணி நேரமாக அப்படி நிற்கிறாளாம். முதலில் மூன்று பாஷையில் திட்டியிருக்கிறார்கள். “ஊமக்கொட்டான், திமிர பாரு” என்று ஒருத்தி பிடித்துத் தள்ளியும் இருக்கிறாள். இப்போது யாரும் திட்டவில்லை. விலகி நின்றார்கள்.

“அண்ணா, அந்தக் கைய எடுத்துப் பாருங்க” என்றாள் என்னிடம், திட்டியவர்களில் ஒருத்தி, அழாத குறையாக. “எங்க எடுத்து வெச்சாலும் அங்கயே நிக்குது.”

குழாயிலிருந்து அவள் கையை எடுத்தேன். நான் விட்ட இடத்தில் நின்றது. கட்டைவிரல் கொஞ்சம் மடங்கியிருந்தது.

அண்ணன் லீவு போட்டு வந்தார். ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து கிருஷ்ணகிரி. வழியெல்லாம் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பஸ் ஊர்ந்தது. அக்காவும் அம்மாவும் உட்கார்ந்த சீட்டுக்குப் பின்னால் அண்ணன் நின்றபடி வந்தார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தைகூட ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். தாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் அக்காவின் முன் உட்கார்ந்து அவள் வலது கையை மெல்லத் தூக்கி விட்டார். நின்றது. அவர் முகத்தில் சிலிர்ப்பு எதுவும் இல்லை. சீட்டில் ஏதோ எழுதினார்.

“இந்தமாதிரி கை நிக்கறத முதல்ல எப்பப் பாத்தீங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ஆறு வாரம் முன்னாடி” என்றேன்.

“ஆறு வாரமா? பாத்துட்டு என்ன பண்ணீங்க?”

அவர் எழுத்திலிருந்து நிமிர்ந்தார். “இது நோய்ங்க. வேணும்னு பண்றதில்ல. அப்பவே வந்திருந்தா இவ்ளோ எறங்கியிருக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதையே சொல்கிறாரோ.

ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தோம். நரம்பில் ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. நான்காவது நாள் அக்கா தண்ணீர் கேட்டாள். அம்மா ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தோளில் கை வைக்கப் போன என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய அன்று மேலே இருந்த துணி மூட்டையை இறக்கி, முருகனைத் துடைத்து, அதே ஆணியில் மாட்டினாள். என்னிடம் கேட்கவில்லை.

அக்கா முழுதாகத் திரும்பி வரவில்லை. சமைக்கிறாள், குளிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மாத்திரையால் கை நடுங்குகிறது. ரோஜாப் பண்ணையில் கத்தரி பிடிக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அவளுடைய பழைய சிரிப்பு ஒன்று உண்டு. கூடை தூக்கும்போது யாராவது வழுக்கி விழுந்தால் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பாள். அதை நான் பிறகு கேட்கவில்லை.

ஒருநாள் அவளே பேச்செடுத்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

“தம்பி, அந்த நீல மை வெச்சியே, ஞாபகம் இருக்குதா?”

“உனக்கு ஞாபகம் இருக்குதாக்கா?”

“எல்லாம் இருக்குது. நான் உள்ளதான இருந்தேன்.” பூண்டைத் தட்டில் போட்டாள். நடுக்கத்தில் அது உருண்டு தரையில் விழுந்தது. “நீ கேட்டப்ப வேணாம்னேன். வாய் வரல. கைய இழுத்துக்கலாம்னா கையும் வரல. இத்தன கிட்ட உக்காந்துருக்கான், கண்ணப் பாத்தாக்கூடத் தெரியுமேன்னு நெனச்சேன். நீ அட்டையவே பாத்துட்டு இருந்த.”

சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் ஆண்டவருக்கே ஆத்துமா சாகுமளவு கனத்துப்போனது என்று வேதத்தில் எத்தனை முறை படித்திருப்பேன். அவர் கூட இருந்தவர்களிடம் கேட்டதெல்லாம் கொஞ்ச நேரம் என்னோடு விழித்திருங்கள் என்பதுதான். என் அக்கா அதைக்கூட வாய்விட்டுக் கேட்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். யோசித்துக்கொண்டு, வலித்துக்கொண்டு, வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டு. மூன்றும் இருந்திருக்கிறது. நான் அளந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று முத்திரை குத்திவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ‘மன்னிப்பு என்பது உணர்ச்சி அல்ல, சித்தத்தின் செயல்’ என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதை அவளிடம் கேட்டால், மறுபடியும் அவள் விரலைப் பிடிக்கிறமாதிரி இருந்தது.

“கூட்டத்துக்கு வர்றியாக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“வரல.”

உடனே சொன்னாள். யோசிக்கவில்லை.

அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியில் போட்டதைக் கெஞ்சித் திரும்ப வாங்கினேன். கிழிக்க எடுப்பேன், அவள் ரேகையைக் கிழிக்கிறமாதிரி இருக்கும், வைத்துவிடுவேன். கூட்டத்துக்கு நான் போகிற ஞாயிறும் உண்டு, போகாத ஞாயிறும் உண்டு. போனால் பின்வரிசையில், அவள் சாய்ந்திருந்த தகரச் சுவரோரம் உட்காருவேன். எல்லாரும் ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொல்லும்போது நான் சும்மா இருக்கிறேன். எனக்குள்ளே எது மறுக்கிறது, எது செத்துவிட்டது என்று பத்தி பிரித்துச் சொல்ல இப்போது தெரியவில்லை.

அவள் ‘வரல’ என்ற அன்றைக்கு நான் கூட்டத்துக்குப் போகவில்லை. பொத்தானைக் கழற்றவும் தோன்றாமல் அவள் எதிரில் உட்கார்ந்தேன். தரையில் உருண்ட பூண்டைப் பொறுக்கினேன். அவள் நகத்தால் பூண்டுத் தோலைப் பற்றுவதும் அது வழுக்கிப் போவதுமாக இருந்தது. ஒரு பல்லுக்கு இரண்டு நிமிடம். தாங்காமல் தட்டை என் பக்கம் இழுக்கக் கை நீட்டினேன்.

அவள் தட்டை நகர்த்தித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“விடு” என்றாள். “நானே பண்ணிக்கறேன்.”